பின்சக்கரத்து நட்டு

மோட்டார்சைக்கிள் வாங்கியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. "இந்த வயசுல எல்லாரும் மோட்டார வித்துட்டு கார் வாங்குவாங்க, நீ ஏன்டி தலைகீழா போற?" என்று கிளினிக் கவுண்டரில் என்னோடு உட்காருகிறவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் கிளினிக் இருக்கிற பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடித் தேடி நான் சுற்றிய சுற்று அவளுக்குத் தெரியாது. காரை விற்றேன். இங்கே கப்சாய் என்று சொல்கிற சின்ன மோட்டார் ஒன்றைச் செமினியில் ஒருவரிடம் வாங்கி, வழியெல்லாம் லோரிக்காரர்களிடம் ஹாரன் வாங்கிக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஓட்டப் பழகிவிட்டேன். அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் புரியவில்லை. டயருக்குக் காற்றடிக்கப் போன இடத்தில் மெக்கானிக், "செயின் சத்தம் கேக்குதாக்கா?" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஆமாண்ணே, கேக்குது" என்றேன். பிரேக் பார்க்கணும் என்றார், தலையாட்டினேன். ஆயில் மாத்தணும் என்றார், அதற்கும் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டினேன். திரும்பி வரும்போது செயின் சத்தம் நன்றாகவே கேட்டது. முன்பே இருந்த சத்தம்தானா, அவர் சொன்னதால் கேட்கிறதா? வீடு வரும்வரை யோசித்தும் விளங்கவில்லை. என்மேலேயே எரிச்சலாக வந்தது. இனி இந்த மோட்டாரை நானே பார்த்துக்கொள்வது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இன்னொரு முறை அப்படித் தலையாட்ட என்னால் ஆகாது.

வீடியோக்கள் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியது. செயின் எவ்வளவு தொய்வாக இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு அண்ணன் ஒருவர் சொன்னார்: "ரெண்டு விரல் அளவு." அவர் விரலைப் பார்த்தேன், என் விரலைப் பார்த்தேன். அவருடையது ஒவ்வொன்றும் பிசாங் கோரெங் பொரிக்க வாங்குகிற பெரிய வாழைப்பழம். மலாய்க்காரப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே "அகாக்-அகாக்" என்றான், உத்தேசமாக வைத்துக்கொள் என்று. ஆங்கிலத்தில் பேசிய வெள்ளைக்காரர் மட்டும் எண் சொன்னார், அதுவும் நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு. அந்த எண்ணுக்கு நட்டை இறுக்க ஒரு கருவி வேண்டும், அது என்னிடம் இல்லை. அம்மாவிடம் ரசத்துக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால் "தேவையான அளவு" என்பார். அதே பதில்தான் மூன்று மொழியில் எனக்குக் கிடைத்திருந்தது.

பிளாட்டின் கீழே கார் பார்க்கில் ஸ்பேனரோடு குந்தினால் போதும், ஆலோசகர்கள் வந்துவிடுவார்கள். கீழ்வீட்டுச் சீன அங்கிள் செயினை இறுக்கினால் அறுந்துவிடும் என்றார். காவலாளி வந்து தொய்வாக விட்டால் கழன்றுவிடும் என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நான் நிற்க வேண்டும். அந்த இடம் எது என்று சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை, செய்து முடித்த வேலையை நான் நம்புவதில்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டோமா என்று பாதிப் படியில் திரும்பி வருகிற சாதி நான். ஆயில் நட்டை இறுக்கினேனா? கண்ணாடியை இறுக்கினேனா? சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இதே கேள்வி. ஒரு வீடியோவில் இதற்கு வழி சொன்னார்கள். இறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் அதன் அடியிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு போட்டுவிடு. கோடு இருந்தால் இறுக்கியாயிற்று, கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. எனக்கென்றே கண்டுபிடித்தது போல இருந்தது. யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்து, நான் ஒருநாளும் போட்டுக்கொள்ளாத சிவப்பு நகப்பாலிஷ் ஒன்று அலமாரியில் கிடந்தது. மோட்டாரில் நான் கைவைத்த நட்டெல்லாம் சிவப்பானது. ஒரு மாதம் நிம்மதியாகச் சிக்னலில் நின்றேன்.

இங்கேதான் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா இறந்ததிலிருந்து அம்மா என்னோடு இருக்கிறார். நெற்றியில் விபூதி மட்டும், முழங்காலில் எப்போதும் வலி, வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. கிள்ளானில் என் தங்கை மகளுக்குக் காது குத்து என்றதும், ரயிலில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷன் படிக்கட்டை நினைத்தாலே கால் வலிக்கிறதாம். "உன் மோட்டார்ல வரேன்" என்றார். எனக்குத் தெரியாமல் ஒரு ஹெல்மெட்டும் வாங்கி வைத்திருந்தார், கொண்டை நுழைகிற அளவில்.

நான் அதுவரை யாரையும் பின்னால் ஏற்றியதில்லை. நான் விழுந்தால் சிராய்ப்பு, கிளினிக்கிலேயே மருந்து போட்டுக்கொள்வேன். அம்மா விழுந்தால்? அந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தவர்கள் எங்கள் கவுண்டருக்கு எப்படி வருகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஆசையாகக் கேட்டுவிட்டார்.

அதனால் காது குத்துக்கு முதல்நாள், சனிக்கிழமை மாலை செயினைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். பின்சக்கரத்துப் பெரிய நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பார்த்து, மறுபடி நட்டை இறுக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தது, கடைசி வேலை வரைக்கும். நட்டைத் திருகினேன். சுற்றியது. மேலும் திருகினேன், மேலும் சுற்றியது. இறுகுகிறதா, சும்மா சுற்றுகிறதா? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? வழுக்கிக்கொண்டே போனது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மற்றச் சின்ன நட்டுகளுக்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டேன், இதை விட்டுவிட்டேன். காலையில் எழுந்து வீடியோ பார்த்துவிட்டு முடிப்பதாக எண்ணம். மழை விட்டதும் கீழே போய் மோட்டாரை மூடிவிட்டு வந்தேன்.

காலையில் தங்கை போன் செய்துதான் எழுந்தேன். நல்ல நேரம் போய்விடும், எங்கே இருக்கிறீர்கள் என்று கத்தினாள். கீழே ஓடினேன். அம்மா எனக்கு முன்பே பட்டுப்புடவையில் நின்றிருந்தார். மூடியிருந்த உறையை எடுத்துவிட்டு மோட்டாருக்குச் சின்னதாகப் பூசையும் முடித்திருந்தார். ஹெட்லைட்டில் சந்தனம், டயரடியில் எலுமிச்சம்பழம். நான் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தேன். பெரிய நட்டில் சிவப்பு இருந்தது.

நேற்று முடிக்காமல் விட்டதாகத்தானே ஞாபகம்? மழைக்குப் பிறகு மூட வந்தேனே, அப்போது முடித்தேனோ? யோசித்தேன். நட்டு சுற்றியதும் கண்ணில் நிற்கிறது, இதோ சிவப்பும் கண்முன்னால் இருக்கிறது. என் ஞாபகத்தை நம்ப முடியாது என்பதற்காகத்தான் கோடு போடவே ஆரம்பித்தேன். ஆகவே கோட்டை நம்பினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது, அம்மா கைகூப்பினார், புறப்பட்டோம்.

ஃபெடரல் ஹைவேயில் மோட்டார்களுக்கென்று இருக்கிற பாதையில் போய்க்கொண்டிருந்தோம். தரை இன்னும் ஈரம். பின்பக்கம் லேசாக ஆடியது போல் இருந்தது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்குமோ? முன்பின் ஆளை ஏற்றியிருந்தால்தானே தெரியும்! அம்மாவின் கை என் தோளில் சும்மா கிடந்தது, பஸ்ஸில் கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்பது போல.

"ஏன்டி, இது இப்படித்தான் ஆடுமா?"

"இப்படித்தான்மா" என்றேன், ஏதோ எல்லாம் தெரிந்தவள் போல.

அடுத்த வளைவில் பின்சக்கரம் தனியாக ஒரு பக்கம் போகப் பார்த்தது. வேகத்தைக் குறைத்தேன். மழைக்கு எல்லோரும் ஒதுங்குகிற பாலத்தடி ஒன்று வந்தது, உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். அம்மாவை இறக்கி, மோட்டாரை டபுள் ஸ்டேண்டில் ஏற்றிவிட்டுக் குனிந்தேன். சிவப்பு அங்கேயேதான் இருந்தது. ஆனால் ஓரத்தில் கரைந்து வழிந்திருந்தது. நகப்பாலிஷ் கரையாதே என்று தொட்டேன். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தேன், எங்கள் சாமியறை வாசனை. நட்டைத் தொட்டேன். கையாலேயே சுற்றியது.

"அம்மா, இதுல குங்குமம் வச்சீங்களா?"

"ஆமா. எல்லா நட்டுக்கும் நீ செவப்பு வச்சிருந்த. இது ஒண்ணுக்குத்தான் வைக்கல. அவசரத்துல மறந்துட்ட போலன்னு நான் வச்சேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரல் இறங்கியது. "எல்லாத்துக்கும் இருக்கறப்ப இது மட்டும் நெத்தி காலியா நின்னுச்சு. நல்லாவா இருக்கு, சொல்லு?"

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அந்த விபூதி நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் போட்டது பொட்டில்லை, இறுக்கியதற்கு அடையாளம் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அம்மா வாயில் கைவைத்துக்கொண்டார். "முடிச்சுட்டுத்தான வைப்பேன்னு நெனச்சேன்" என்று நானும், "முடிஞ்ச வேலைன்னுதான் வச்சேன்" என்று அவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

சீட்டுக்கடியில் வைத்திருந்த ஸ்பேனர்களில் ஒன்றை எடுத்தேன். திருகினேன், சுற்றியது. நேற்று நடந்த அதே கூத்து. அழுகை வந்தது. மறுபக்கம் நின்றிருந்த அம்மா, "இங்கயும் சுத்துதுடி" என்றார். எட்டிப் பார்த்தேன். நட்டு சுற்றும்போது மறுபக்கத்தில் போல்ட்டின் தலையும் சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் அதைப் பிடிக்க வேண்டும், ஒருவர் இதைத் திருக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஒரு வீடியோவும் இதைச் சொல்லவில்லை, அல்லது சொன்னது எனக்கு விளங்கவில்லை.

போல்ட்டின் தலையை அட்ஜஸ்டபுள் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். அம்மா மற்ற ஸ்பேனரை நட்டில் மாட்டி, பட்டுப்புடவையோடு திருகிப் பார்த்தார். ஓரளவுக்கு மேல் கையில் பலம் போதவில்லை.

"கால வச்சு மிதிங்கம்மா."

"காலையிலதான பூச போட்டேன்..."

பிறகு குனிந்து சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டைப் பிடித்தபடி, வலிக்கிற அந்தக் காலால் ஸ்பேனரை மிதித்தார். கிரீச்சென்று ஒரு சத்தம். மறுபடி மாட்டி மறுபடி மிதித்தார். பிறகு அசையவில்லை.

"போதுமா?"

போதுமா என்று எனக்கு எப்படித் தெரியும்? அசைத்துப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன். சக்கரத்தில் ஆட்டம் இல்லை. பிரேக்கும் பிடித்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. "அம்மா, உங்களுக்கு ஒரு கார் புக் பண்றேன். நான் மெதுவா பின்னாடி வரேன்."

அம்மா ஹெல்மெட்டைக் கொண்டைக்கு மேல் அழுத்திக்கொண்டார். "எதுக்கு? நாந்தான மிதிச்சு இறுக்குனேன். எனக்கு ஒண்ணும் பயமில்ல. உனக்குப் பயமா இருந்தா நீ கார்ல வா லா."

ஏறி உட்கார்ந்தார். நானும் ஏறினேன். காலையில் தோளில் சும்மா கிடந்த கை இப்போது கிள்ளான் வரைக்கும் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது, ஒருமுறைகூட விடவில்லை. காது குத்து முடிந்துதான் போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கு நான் போட்டிருந்த சுடிதாரின் தோளில் கிரீஸோடு அம்மாவின் விரல் ஐந்தும் பதிந்திருந்தன. எத்தனையோ முறை துவைத்தாயிற்று, இன்னும் போகவில்லை.