வரி விடாமல் வாசித்தேன்

ஒரு பெண் என்னை நம்பிச் சொன்னதை அவளுடைய அப்பாவுக்கு வரி விடாமல் வாசித்துக் காட்டினேனே, அது நேர்மையா, காட்டிக்கொடுத்ததா? சித்திரையில் நடந்தது. இப்போது ஆனி. துணி காயப்போடும்போதும் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதும் இதே கேள்விதான். ஒரு நாள் ஒரு பதில் சரியாகப் படுகிறது. மறுநாள் அது பொய்யாகத் தெரிகிறது.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள மூன்று ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் இளைஞர்களுக்குக் குறும்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தது. பதினைந்திலிருந்து இருபது வயது வரை உள்ள ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து கதை யோசிக்க வேண்டும், சேர்ந்து படம் பிடிக்க வேண்டும், முடிந்ததும் அவரவர் ஊரிலேயே திரை கட்டிக் காட்ட வேண்டும். வீட்டில் ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று பழகிப்போனதைப் பற்றித்தான் படம். அப்படிச் சேர்ந்து வேலை செய்ததில் அவர்கள் மனதிலும் வீட்டிலும் ஏதாவது மாறியதா என்று பார்த்து எழுதுவது என் வேலை. கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. அதில் மதிப்பீட்டாளர் என்று போட்டிருந்தது.

சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, கல்யாணம், பிள்ளை என்று நான்கு வருடம் வீட்டில் இருந்தவள் நான். இந்த வேலை வந்தபோது என் வீட்டுக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. "மாசத்துல பத்து நாளுதான? போய்ட்டு வா. பிள்ளைய எங்கம்மா பாத்துக்கிடுவா" என்றார். நன்றியாக இருந்தது எனக்கு. மூன்றாம் நாள்தான் கவனித்தேன், நான் பெண்களிடம் நிரப்பும் படிவத்தில் ஏழாவது கேள்வி: 'வெளியே வேலைக்குச் செல்ல நீங்கள் யாரிடம் அனுமதி பெற வேண்டும்?' கேள்வியைச் சத்தமாக வாசித்துவிட்டு, பதிலை எழுதத் தலையைக் குனிந்துகொள்வேன்.

மதிப்பிடுவதில் ஒரு விளையாட்டு உண்டு. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழிப்போம். நான் ஒரு வாக்கியம் சொல்வேன். ஒத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பக்கம், ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தப் பக்கம். 'சமையல் பெண்களின் வேலை' என்றால் பையன்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். எது சரியான பக்கம் என்று ஆறு மாதத்தில் நன்றாகப் படித்து வைத்திருந்தார்கள். எண்ணிக் குறித்துக்கொள்வேன். விளையாட்டு முடிந்ததும் அவர்களில் ஒருவன் திரும்பி, "ஏட்டி, டீ ஆறிப்போவுதுல்லா, எல்லாருக்கும் எடுத்துக் குடுங்கட்டி" என்பான். பெண்பிள்ளைகள் போய் எடுத்து வருவார்கள். அதை எழுத என் தாளில் கட்டம் இல்லை.

அந்த மூன்று ஊர்களில் ஒன்று, பசுவந்தனைக்குப் பக்கத்தில் கரிசல் காட்டுக்கு நடுவில் இருப்பது. அந்த ஊர்க் குழுவில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த ஒரு பெண். வயது பதினேழு. காட்சித் தொடர்பியல் படிக்கத் தூத்துக்குடிக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். அவர்கள் எடுத்த படம் வண்டிச் சாவியைப் பற்றியது. வீட்டுக்கு வீடு மோட்டார் வண்டி நிற்கிறது, சாவி மட்டும் எப்போதும் ஆம்பிளைச் சட்டைப்பைக்குள் இருக்கிறது, ஏன்? நான்கு நிமிடம்தான். கடைசியில் ஒரு பெண் ஸ்கூட்டர் ஓட்டிப் போகிறாள். அவளுடைய தோளுக்கு மேலாக எட்டயபுரம் ரோடு நம்மை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. ஓட்டியது இவள்தான். அந்தக் காட்சிக்காகவே படப் பயிற்சி கொடுத்த டீச்சரின் ஸ்கூட்டரில் பத்து நாள் பழகியிருந்தாள்.

ஊரில் படம் காட்டியபோது அவளுடைய அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். கைதட்டினார். நானே பார்த்தேன்.

அதன்பிறகு அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேட்டி எடுத்தேன். 'உங்கள் வாழ்வில் நடந்த முக்கியமான மாற்றம் எது?' என்று கேட்டு, சொல்லும் பதிலை அவர்கள் வார்த்தையிலேயே எழுத வேண்டும். அவள் நேரே அந்த ரோட்டுக்கே போனாள்.

"நான் ஓட்டுதேன் க்கா, அவன் பின்னால உக்காந்து கேமரா பிடிக்கான். எங்க தெரு பையன்தான். எப்பவும் ஆம்பள ஓட்டுவான், பொம்பள பின்னால இருப்பா. அன்னைக்கு மாறிப்போச்சு. ரோட்டுல போற வாரவுக பூராம் திரும்பிப் பாத்தாவ. எனக்குச் சிரிப்பு. அவனுக்கு ஒதறல். எம்மேல கை பட்டிரக் கூடாதுன்னு ஒத்தக் கையால கேரியரப் பிடிச்சிக்கிட்டே வந்தான். பயந்தாங்கொள்ளிப் பய!"

எனக்குச் சிலிர்த்தது. இதைவிட நல்ல பதிலை நான் எங்கே போய்த் தேட? கை வலிக்க வலிக்க அத்தனையும் எழுதினேன். கேரியரைப் பிடித்ததையும் எழுதினேன். அழகான விவரம் என்று நினைத்தேன்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் சொன்னதை அறிக்கையில் சேர்க்க வேண்டுமானால் பெற்றோர் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அது விதி, நல்ல விதி என்றே இன்றும் நினைக்கிறேன். என்னோடு வந்த மூத்த அக்கா, இந்த வேலையில் பல வருடம் பழகியவர், பஸ்ஸில் வரும்போதே சொன்னார்: "நல்லதா நாலு வரி வாசி. மத்தத மடிச்சு வச்சிக்கோ. அவியளுக்குக் கேக்கவும் நேரமில்ல."

அதைக் கேட்டு மனதுக்குள் அவரை இளக்காரமாக நினைத்தேன். தெரியாமல் ஒருவரிடம் கையெழுத்து வாங்குவது மோசடி இல்லையா? கைபேசியைத் திறந்து நிறுவனத்தின் வழிகாட்டுதல் குறிப்பை மறுபடி பார்த்தேன். 'முழுமையாக வாசித்துக் காட்டி' என்றுதான் இருந்தது. பள்ளியில் கரும்பலகையில் டீச்சர் எழுதிய தேதியைக்கூட விடாமல் எழுதிய பிள்ளை நான்.

மத்தியானம். வெடித்துக் கிடந்த காட்டைத் தாண்டி அந்த வீட்டுக்குப் போனோம். உளுந்தும் மக்காச்சோளமும் போடும் வானம் பார்த்த நிலம் அவர்களுக்கு. அறுப்பு முடிந்துவிட்டதால் அப்பா வீட்டில் இருந்தார். "வாங்க தாயி, வெயிலுக்குள்ள வந்திருக்கீங்க" என்று மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அம்மா மோர் கொண்டுவந்தார். அவள் உள்வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள், சிரித்த முகமாக.

வாசித்தேன். மேடையில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். 'நான் ஓட்டுதேன், அவன் பின்னால உக்காந்து' என்ற இடத்தில் மூத்த அக்கா என் முழங்கையை இடித்தார். நான் நிறுத்தவில்லை. 'எம்மேல கை பட்டிரக் கூடாதுன்னு' வரைக்கும் வந்தபோதுதான், அவள் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள் அந்த அறையில் வேறாகக் கேட்டன. அவள் சொன்னபோது அது சிரிப்பு. நான் வாசித்தபோது அது ஓர் ஆண்பிள்ளையின் கை, அவருடைய மகளின் இடுப்பு, இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடம். படம் பார்க்கிறவர்கள் கேமராவை யார் பிடித்தார்கள் என்று யோசிப்பதில்லை. அவரும் யோசித்திருக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தேன்.

"அந்த வரிய இன்னொருக்கா வாசிங்க" என்றார்.

வாசித்தேன். சாமி சத்தியமாக, வாசித்தேன்.

"யாரு மகன்?"

"பேர் எழுதுறதில்ல அண்ணாச்சி. ரகசியமா வச்சிருப்போம்."

அவர் சிரித்தார். "நீங்க ரகசியமா வைங்க தாயி. ஊருல கேமரா பிடிச்சவன் எத்தன பேரு?" பிறகு கையை நீட்டினார். "எங்கன கையெழுத்து?"

காட்டினேன். போட்டார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். உள்வாசலில் அவள் இல்லை. மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டு வந்தோம். பஸ் ஏறியதும் மூத்த அக்கா சொன்னார்: "உனக்கும் ஒரு பொட்டப்பிள்ள இருக்குல்லா?"

நான் அவரைக் கோபித்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டாரே, அதைவிட என்ன வேண்டும்? அந்த வாரமே அறிக்கையில் எழுதினேன்: 'தந்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. இது குடும்ப அளவிலான மாற்றத்தைக் காட்டுகிறது.' மூன்று ஊர்களிலிருந்தும் வந்த மாற்றக் கதைகளில் இதுதான் சிறந்தது என்று தேர்வானது. கூட்டத்தில் என்னையே வாசிக்கச் சொன்னார்கள். இந்த முறையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். கைதட்டினார்கள்.

வைகாசிக் கடைசியில் கோவில்பட்டி மார்க்கெட்டில் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். நான்தான் முதலில் பார்த்தேன். சந்தோஷமாகக் கிட்டே போனேன். "மதினி, மகளுக்குக் காலேஜ்ல எடம் கெடச்சிட்டா?"

அவர் கத்தரிக்காய் பொறுக்குவதை நிறுத்தினார்.

"ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். "நீங்க வந்துட்டுப் போனீங்கள்லா, அன்னைக்கு அவிய அடிக்கவும் இல்ல, வையவும் இல்ல. மககிட்ட ஒண்ணுமே கேக்கல. மறுநாள் காலம்பற காலேஜ் பாரத்த எடுத்து அடுப்புல வச்சிட்டாவ. போன வாங்கிப் பீரோவுல பூட்டிட்டாவ. எந்தம்பி மகனுக்குப் பேசி முடிச்சாச்சு. ஆடில அவளுக்குப் பதினெட்டு முடியுது. ஆவணில தேதி."

"மதினி..."

"ஒங்க மேல தப்பில்ல. அவ சொன்னா, நீங்க எழுதுனீங்க, எழுதுனத வாசிச்சீங்க. அவகூட ஒங்களக் கொற சொல்லல. 'நாந்தானம்மா சொன்னேன்'ங்கா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கத்தரிக்காயைப் பைக்குள் போட்டபடியே, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு அவர் மேலும் சொன்னார். "நீங்க ஒருவாட்டி வாங்க. வந்து அவியகிட்ட, பையன் பின்னால உக்காந்ததெல்லாம் ஆபீசுக்காக நாங்களா சேத்து எழுதுனதுன்னு சொல்லீருங்க. படிச்சவுக சொன்னா கேப்பாவ. கல்யாணம் நிக்கலேன்னாலும் தள்ளியாவது போகும். அவ காலேஜுக்குப் போயிருவா. தோது பாத்து வாங்க."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இன்னும் போகவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒன் வேல முடிஞ்சிட்டுல்லா, இனி அங்கன எதுக்குப் போவுத?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்மேல் இரக்கப்பட்டு, "சரி, போறதுன்னா நான் கூட வாரேன். ஆம்பள பேசுனாத்தான் எடுபடும்" என்றார். கெட்டவர் இல்லை. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் எனக்குக் கசக்கிறது. இத்தனை மாதம் கோடு கிழித்து, எண்ணி, கட்டம் நிரப்பி, கடைசியில் என் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய் இன்னொருத்தியின் அப்பாவிடம் பேசவைப்பதா?

நிறுவனத்தில் கேட்டேன். திட்டம் முடிந்துவிட்டதாம். 'குடும்ப விஷயங்களில் மதிப்பீட்டாளர் தலையிடக் கூடாது' என்று பதில் அனுப்பினார்கள். தலையிட்டுவிட்டுத்தானே வந்தேன்? அந்த அறிக்கையைத் திருத்தவாவது வேண்டும் என்றேன். அச்சுக்குப் போய்விட்டதாம்.

அந்த அம்மா கேட்ட பொய்யை நான் சொல்லிவிடலாம். சின்னப் பொய். அந்த அப்பா நம்பவும் கூடும், நம்ப விரும்பவும் கூடும். ஆனால் அவர் மகளைக் கூப்பிட்டு, "இவிய சொல்லுதது நெசமாட்டி?" என்று கேட்டால்? 'இல்ல, அவன் பின்னால உக்காந்ததுதான் நெசம்' என்று அவள் சொல்லிவிடுவாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ரோட்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்க வண்டி ஓட்டியதை அவள் எப்படிச் சொன்னாள் என்று நான் பார்த்தேன். அவளிடம் கேட்காமல் ஒருமுறை அவள் கதையை அப்பாவுக்கு வாசித்தேன். இப்போது அவளிடம் கேட்காமல் அதை அழித்துவிட்டும் வரலாமா? கேட்கலாம் என்றால் அவளிடம் போன் இல்லை. வீட்டுக்குப் போனால் அப்பா இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது.

சும்மா இருந்துவிட்டால் ஆவணியில் கல்யாணம் நடந்துவிடும். நான் போய் எதுவும் ஆகவில்லை என்று தெரிவதைவிட, போகாமல் இருந்ததால்தான் நடந்தது என்று தெரிவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பயமும் அவளுக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் இப்படி ஓர் அப்பாவின் வீட்டில் இருந்து படிக்கப் போன பெண்கள் இருப்பீர்கள். போக முடியாமல் போனவர்களும் இருப்பீர்கள். மகளைத் தடுத்து வைத்துவிட்டு, பிறகு மனம் மாறி அனுப்பிய அப்பாக்கள்கூட ஒருவரிருவர் இருக்கலாம். உங்களைத்தான் கேட்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் யார் வந்து பேசினார்கள்? என்ன சொன்னார்கள்? நான் அந்தப் பொய்யைச் சொல்லட்டுமா? அல்லது, நான் எழுதியது அத்தனையும் உண்மை, உங்கள் மகள் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொல்லி அவர் முகத்துக்கு நேரே உட்காரட்டுமா? அப்படி உட்கார்ந்தால் அவளுக்கு இன்னும் கேடு வருமா? கல்லூரிகளில் இடங்கள் நிரம்பிக்கொண்டு வருகின்றன. தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.