கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவள்

இங்கே வியட்நாமில், கார்த்திகைக்குக் கார்த்திகை தோன் டுக் தாங் தெரு முருகன் கோயிலில் அன்னதானம் நடக்கும். நாங்கள் குடியிருக்கும் தூ டுக்கிலிருந்து மெட்ரோ பிடித்து வந்ததும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கிவிடுவேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சமையல்கட்டில் நின்றபடியே இரண்டு கவளம் போட்டுக்கொள்வேன். "அந்த ஆச்சிக்கு என்ன பக்தி!" என்பார்கள். பக்தியாவது மண்ணாவது! தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் என்னால் எழுந்திருக்க முடியாது. முழங்கால் இரண்டும் அப்படிப் பாழாகிக் கிடந்தன. சொல்ல வெட்கம். ஐம்பது வயதுகூட ஆகவில்லையே.

அதைவிடப் பெரிய வெட்கம், என் வீட்டுக்காரருக்கு வேலையே முழங்கால்தான். வைத்தியர் இல்லை, ஆராய்ச்சிக்காரர். பன்றி மூட்டின் குருத்தெலும்பிலிருந்து செல்களை எடுத்து வளர்த்து, ஓர் இயந்திரத்தில் வைத்து அமுக்குவதும் விடுவதுமாக இருப்பார். குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாதாம். பஞ்சை அமுக்கி விடுவதுபோல் அமுக்கி விட்டால்தான் செல்லுக்குச் சாப்பாடு போகும், அதுவும் தன்னைச் சுற்றியுள்ளதைப் புதுப்பித்துக் கட்டும். அமுக்கியபடியே வைத்திருந்தால் வேலையை நிறுத்திவிடும். அளவுக்கு மீறினால், கட்டியதைத் தானே அரிக்கத் தொடங்கும். அமுக்கவே இல்லையென்றாலும் மெலிந்துபோகும். சோற்றுக்கு நடுவில்கூட இதைச் சொல்வார்.

கோயிலுக்கு வருகிறவர்களிடமும் சொல்வார். "முட்டிவலின்னு மூலையில ஒக்காந்துராதீக. எங்க வீட்ல பாருங்க, எப்படி ஓடியாடிப் பரிமாறுறா! வலின்னு ஒரு நாள் சொல்லியிருப்பாளா?" நான் வாளியோடு நின்று சிரிப்பேன். அதற்குப் பிறகு எந்த வாயால் அவரிடம் சொல்வது?

தைப்பூசத்தன்று மாட்டிக்கொண்டேன். பென் தான் சந்தைப் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் தேவகோட்டை ஆச்சி என் வாளியைப் பிடுங்கிக்கொண்டார். "எந்நாளும் கடைசிப் பந்தியா? இன்னிக்கி நீங்க ஒக்காருங்க, நான் போடுறேன்." மறுக்க மறுக்க, கையைப் பிடித்து இழுத்து இலை முன்னால் உட்கார வைத்தேவிட்டார். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எப்படி எழுந்திருப்பது என்பதே நினைப்பு.

பந்தி எழுந்தது. பக்கத்தில் சாப்பிட்ட வியட்நாமியப் பெண் குந்தி உட்கார்ந்து சட்டென்று நிமிர்ந்து போய்விட்டாள். நான் ஒரு கையை ஊன்றினேன். முழங்கால் நறுக்கென்றது. மறுபடி ஊன்றினேன், முடியவில்லை. அடுத்த பந்திக்காரர்கள் காத்து நின்றார்கள். கடைசியில் மண்டியிட்டு, தூணைப் பிடிக்கத் தவழ்ந்தேன். அத்தனை பேர் முன்னால் தவழ்ந்தேன்! அப்படியே செத்துப்போகலாம் போல இருந்தது.

ரச வாளியோடு நின்ற என் வீட்டுக்காரர் ஓடிவந்து, தோளைத் தாங்கித் தூக்கி நிறுத்தினார். என் பாரம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது. முகத்தைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"என்னண்ணே, ஆச்சிக்கு முட்டியில ஏதும்..." என்று தேவகோட்டை ஆச்சி இழுத்தார். கூட்டம் மொத்தமும் எங்களையே பார்த்தது.

"சேச்சே! கால் மரத்துப்போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று அவர் சிரித்தார். காது மடல் சிவந்திருந்தது.

"ஆமா, மரத்துத்தான் போச்சு" என்றேன் நானும்.

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். நான் சமையல்கட்டு வரைக்கும் நொண்டாமல் நடந்து காட்டினேன்.