மணப்பட்டுக் கேசட்

பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளி விழாவில், ஊமைப்படக் காலத்து முன்னோடி இயக்குநர் ஒருவரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன். தொழில் படுத்தபின் பழைய சினிமாவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மேடை கிடைத்தால் விடமாட்டேன்.

அன்றும் விடவில்லை. அந்த மனிதர் செய்துகொண்டிருந்த வியாபாரத்தை விட்டுக் கேமராவைப் பிடித்தது, நடிக்கப் பெண்கள் வராமல் திண்டாடியது, தானே படம்பிடித்துத் தானே பிலிமைக் கழுவியது, நொடித்துப்போய்ச் சில வருஷங்களிலேயே ஒதுங்கியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எடுத்ததில் ஓர் அடி பிலிம்கூட இன்று இல்லை, வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் அக்கறை இருந்திருந்தால் போதும் என்று குரலை உயர்த்தி முடித்தேன். நல்ல கைதட்டல்.

கீழே இறங்கியதும், அங்கே மதியச் சாப்பாடு பரிமாறும் பெண் ஒருத்தி வந்தாள். மணப்பட்டில் அவள் கல்யாணத்தை வீடியோ எடுத்தவன் நான்தானாம். நான் கொடுத்த காப்பி, கடல் ஊருக்குள் வந்த அன்று வீட்டுச் சாமான்களோடு போய்விட்டது. அடுத்த வருஷமே புருஷன் காய்ச்சலில் இறந்துவிட்டான். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

"யாரோ எடுத்த படத்துக்கே இவ்ளோ வருத்தப்படறீங்க. எங்க கேசட்டயும் வச்சிருப்பீங்கல்லண்ணா? சவுண்டு வரலன்னாலும் இன்னா, அவரு நடந்து வர்றத எம் பொண்ணு ஒருவாட்டி பாத்தா போதும்."

அந்தக் கேசட்டில் அவள் கல்யாணம் இல்லை என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தொழில் ஓடிய நாளில் ஒருமுறை, திருக்கனூரில் பெரிய கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். புதுக் கேசட் தீர்ந்துவிட்டது. அலமாரியிலிருந்த பழைய கல்யாணக் கேசட்டில் எதை எடுத்து மேலே பதிவது என்று பார்த்தேன். அரியூர் வீடு கேட்டு வரும், வில்லியனூர் வீடு சண்டைக்கே வரும். மணப்பட்டில் மீன்பிடிக்கிற வீடு, அவர்கள் எங்கே வரப்போகிறார்கள் என்று அதை எடுத்தேன். இப்படித்தான் நினைத்தேன், மாற்றிச் சொல்வதற்கில்லை.

அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் தலைமையாசிரியர் சால்வையோடு நின்றுகொண்டிருந்தார். "தேடிப் பாக்கறேம்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்து நிஜமாகவே தேடினேன். தேடினேன் என்று சொன்னால் அதுவாவது பொய்யாக இருக்கக் கூடாதே! பரண்மேல் அட்டைப்பெட்டியில் அது கிடைத்தது. லேபிளில் மணப்பட்டு என்பதை அடித்துவிட்டுத் திருக்கனூர் என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான். போட்டுப் பார்த்தேன். கடைசிவரை கடைக்காரர் வீட்டுக் கூட்டம்தான். அந்த மணப்பட்டுப் பையன் ஓர் இடத்திலும் நடந்து வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் எடுத்தேன். வாயில் வந்தது வேறு. மூன்று பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன், ஈரத்தில் எல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது என்றேன்.

அவள் எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னாள்:

"வுடுங்கண்ணா. எங்களுக்காக இவ்ளோ தேடுனீங்களே. அந்தப் படக்காரருக்கும் ஒங்கள மாதிரி ஒருத்தரு இருந்திருந்தா, அதெல்லாம் போயிருக்காது இல்ல?"

ஆமாம் என்றேன்.