தண்டலுக்குப் போன ஏழாவது காப்பி

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். பழைய துறைமுகத்தின் பக்கத்தில், மாலத்தீவுக்குத் தோணியில் வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றி அனுப்பும் ஒரு சின்ன ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எனக்குச் சொந்த ஊர் நாசரேத். டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்த திமிர் கொஞ்சம் உண்டு. முதலாளி சாத்தான்குளத்து அண்ணாச்சி; பலசரக்குக் கடையிலிருந்து ஏற்றுமதிக்கு வந்தவர். அந்தத் தெருவில் மற்ற ஆபீசுகளில் டைப் அடித்தவர்கள் எல்லாம் ஆண்கள். “மூணு மாசம் பாப்போம்” என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்.

ஒவ்வொரு தோணிக்கும் சரக்குப் பட்டியல் ஏழு காப்பி வேண்டும். ஏழு தாளுக்கு நடுவே ஆறு கார்பன் வைத்து ஒரே தடவையில் அடிப்பேன். மேலே பளிச்சென்று விழும் காப்பிகள் கஸ்டம்ஸுக்கும் மற்ற ஆபீசுகளுக்கும் போகும். அடியில் மங்கலாக விழும் ஏழாவது, தோணியை நடத்திப்போகும் தண்டலுக்கு. அந்த வரிசையை யார் வகுத்தார்களோ தெரியாது. நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

சேர்ந்த இரண்டாம் மாதம், மாலேயிலிருந்து திரும்பிய தண்டல் கரையேறிய கையோடு ஆபீசுக்குள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேஜையில் போட்டார்.

“ஏளா, இது எட்டா, மூணா? நீயே சொல்லு.”

பார்த்தேன். அடித்த எனக்கே தெரியவில்லை. 380 மூட்டை என்று நான் அடித்தது 330 என்றுதான் வாசிக்க வந்தது.

“பேப்பர்ல இல்லாத அம்பது மூட்டை எங்கேருந்து வந்துச்சுன்னு மாலே கஸ்டம்ஸ்காரனுவ நாலு நாளு எங்கள அங்கனயே நிறுத்திப் போட்டானுவ. கரையில கால் வைக்க விடல. வெங்காயம் பாதி அழுகிப் போச்சு. கள்ளச் சரக்கான்னு என் மூஞ்சிக்கு நேரா கேக்கான்.” கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “பொம்பளப் பிள்ள விரலுக்கு அவ்வளவுதான் வலு.”

எனக்குச் சுருக்கென்றது. “விரல்ல குறை இல்ல அண்ணாச்சி, மெஷின்லதான் குறை” என்றேன். கடிதம் எழுத வாங்கிய குட்டி மெஷின் அது.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, “சரி, வேற மெஷின் வாங்குவோம். நீயே பாத்து எடு. அடுத்த தோணிக்கும் எட்டு மூணாச்சுன்னா, நான் ஒரு ஆம்பளைய வச்சுக்கிடுதேன்” என்றார். தண்டலின் முன்னாலேயே சொன்னார்.

மறுநாள் நானும் அண்ணாச்சியும் டைப்ரைட்டர் விற்பனையும் பழுதுபார்ப்பும் நடக்கும் ஒரு கடைக்குப் போனோம். என் பையில் ஏழு தாளும் ஆறு கார்பனும் இருந்தன. வாசலிலேயே ஆகாய நீலத்தில் ஒரு புது மெஷின் பளபளத்தது. அண்ணாச்சி அதிலேயே கண் வைத்துவிட்டார். கடைக்காரர் ஒரு வரி அடித்து, மேல் தாளை உருவிக் காட்டினார். முத்து முத்தாக இருந்தது.

“மேல் தாள் எதுலயும் நல்லாத்தான் விழும். நான் ஏழு வச்சு அடிக்கணும்” என்று உட்கார்ந்தேன். அடித்து முடித்துப் பிரித்தால், நாலாவது தாள் வெறுமையாக இருந்தது! மூன்றாவதின் முதுகில் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தது. படபடப்பில் ஒரு கார்பனைப் புரட்டி வைத்திருக்கிறேன். டைப் படிக்க வந்த முதல் வாரத்தில் செய்யும் தப்பு.

“இத வாசிக்க ஒரு கண்ணாடியும் சேத்து வாங்கணும் போலிருக்கே!” என்று கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தண்டலின் உடைந்த குரல்தான் என்னை உட்கார வைத்தது. கார்பனை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து அடுக்கி, மறுபடி அடித்தேன்.

நீல மெஷினில் நாலாவதுக்குக் கீழே எல்லாம் புகை. மூலையில் ஒரு பழைய கறுப்பு மெஷின் கிடந்தது. இரண்டு ஆள் தூக்க வேண்டும். அதில் ஐந்தாவது வரை தெளிவு. மெஷின் கனமாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் ஏழு வரை விழவில்லை என்று தாள் சுற்றும் ரோலரை நகத்தால் அழுத்தினேன். நகம் பதிந்தது. ரப்பர் மெத்தென்று இருந்தால் அடியை அதுவே வாங்கிக்கொள்ளும்; தாளுக்கு என்ன மிஞ்சும்?

“இதுக்குக் கெட்டி ரோலர் போட்டுத் தர முடியுமா?”

“அதே ஜாதி மெஷின் ஒண்ணு உடைஞ்சு கிடக்கு. கழட்டிப் போடலாம். ஆனா ரொம்பச் சத்தம் வரும்மா, காது கிழியும்.”

“கிழியட்டும்” என்றேன்.

மாட்டித் தந்தார். அடித்தேன். கடையே அதிர்ந்தது. ஏழாவது தாளை மட்டும் உருவி அண்ணாச்சி கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், “எட்டு எட்டாத்தான் இருக்கு” என்று முனகினார். ஆனால் அந்தக் கறுப்புப் பூதத்தை ஏற்றிய வண்டியில் அவர் முகம் தெளியவில்லை. அடுத்த தோணி திரும்பும்வரை என் வேலை நிச்சயமில்லை என்று எனக்கும் தெரியும்.

தோணி போயிற்று. மூன்று வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் தண்டல் வந்தார். என் மேஜையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். மாலத்தீவு மாசிக் கருவாடு. வாசனை ஆபீஸ் முழுக்கப் பரவியது.

“பேப்பர வாங்கினான், பாத்தான், போன்னுட்டான். ஒரு கேள்வி கேக்கல, ஏளா.” அப்புறம் அண்ணாச்சி பக்கம் திரும்பி, “இந்தப் பிள்ளய விட்டுறாதீரும்” என்றார்.

அண்ணாச்சி விடவில்லை. பக்கத்து ஆபீஸ்காரர்கள் சத்தத்தைப் பற்றிக் குறை சொன்னால், “எங்க டைப்பிஸ்ட் பாத்து எடுத்த மெஷின், அப்படித்தான் பேசும்” என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் தலை நிமிர்ந்துதான் அடிப்பேன். பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது!

பல வருடம் கழித்து அதே ஆபீசுக்குக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கியபோதும் என்னைத்தான் பார்க்கச் சொன்னார்கள். விற்க வந்தவர் சத்தமே இல்லாமல் ஏழு தாள் எடுத்துத் தந்தார். அடியிலிருந்த தாளை உருவி, எட்டைத் தேடிப் பார்த்தேன். “எல்லாம் ஒண்ணுதான் மேடம்” என்று அவர் சிரித்தார். எனக்கும் தெரியும், ஆனாலும் எந்த வேலையை முடித்தாலும், இதில் கடைசித் தாள் யார் கைக்குப் போகிறது என்று பார்க்காமல் இன்றுவரை எனக்கு எழுந்திருக்க மனம் வருவதில்லை.