உயிர்ச் சான்றின் பின்பக்கம்

எங்கள் பத்திரிகையின் முதல் இதழ் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நாற்பத்தெட்டுப் பக்கம், கறுப்பு வெள்ளை, நடுவில் இரண்டு பின். புதுச்சேரியில் வரைகிறவர்கள், ஆடுகிறவர்கள், கட்டுகிறவர்கள் எல்லோரைப் பற்றியும் பேச ஒரு பத்திரிகை வேண்டும் என்று நானும் என் கல்லூரி நண்பனும் சேர்ந்து ஆரம்பித்தது. நான் உழவர்கரையில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. அவன் டி.டி.பி. கடையில் பக்கம் வடிவமைப்பவன். அலுவலகம் என்று அட்டையில் போட்டிருந்தது கருவடிக்குப்பத்தில் இருந்த எங்கள் வீட்டு முகவரியைத்தான். தபால்காரர் வரும் நேரத்தில் அம்மா மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தால், அவர் கயிற்றில் இறக்கும் கிளிப் பக்கெட்டுக்குள் கடிதங்கள் வந்து சேரும்.

ஒரு நாள் அந்தப் பக்கெட்டிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தேன். அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே ஒன்பது படங்கள். ஊதா மையில் பேனாவால் வரைந்த முகங்கள், எல்லாம் வயதானவர்கள். ஒருவர் குடையை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தார். ஒரு அம்மா செருப்பைக் கழற்றி அதன்மேலேயே காலை வைத்து நின்றிருந்தார். கோடுகள் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரமாகக் கால் வலிக்கிறது என்றுகூடத் தெரிந்தது.

பள்ளிக்குப் போகாமல் நேராக நண்பன் கடைக்கு ஸ்கூட்டியை விட்டேன். அவன் படங்களைப் பார்த்தான். பிறகு ஒன்றைத் திருப்பினான். பின்பக்கம் பிரெஞ்சில் அச்சடித்த படிவம், பாதி நிரப்பி, குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தது.

"இது செர்த்திபிகா தெ வீ" என்றான். "எங்க பெரியப்பா வருஷா வருஷம் எழுதிக் குடுப்பாரு. உயிரோடதான் இருக்கேன்னு."

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்களும், இறந்துபோனவர்களின் மனைவிமாரும் ஓய்வூதியத்துக்காகக் கொடுக்கும் உயிர்ச் சான்று அது. ஒன்பது படமும் அதன் பின்பக்கத்தில்தான் இருந்தன. வரைந்தது ஏதோ ஒரு சொல்தா தாத்தா என்று நண்பன் அடித்துச் சொன்னான். நானும் நம்பினேன். இரண்டாவது இதழின் நடுப்பக்கங்கள் அந்த நிமிடமே எங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டன. ஆனால் அனுமதி இல்லாமல் போடக் கூடாது. ஆளைப் பிடித்தாக வேண்டும்.

ஓய்வூதிய அலுவலகத்தில் சான்று வாங்கும் காலம் அது. மறுநாள் காலை எட்டு மணிக்கே இரண்டு பேரும் போய் நின்றோம். வேப்பமரம் வரை வரிசை நீண்டிருந்தது. நான் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு முகமாக ஒப்பிட்டுக்கொண்டே நடந்தேன். ஏழாவது ஆளிடம் வந்தபோது என் கால் தானாக நின்றது. குடையை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்தபடி, என் ஃபைலில் இருந்த மனிதர் எனக்கு முன்னால் நின்றிருந்தார். அவ்வளவு சந்தோஷத்தை நான் எந்தக் கண்காட்சியிலும் அடைந்ததில்லை.

நண்பன் படத்தை வாங்கி உயர்த்திப் பிடித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்தான்.

"எல்லாமே இடது பக்கத்துலேருந்து வரைஞ்சது. கொஞ்சம் கீழேருந்து. வரைஞ்ச ஆளு உக்காந்திருக்காரு" என்றபடி அவன் திரும்பினான்.

எதிர்ப்புறம் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் வாசலில் ஒரு சின்ன மேசை. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் முக்காடோடு, ஒரு பாட்டிக்குப் படிவம் எழுதிக்கொண்டிருந்தாள். பேனாவில் ஊதா மை.

பாட்டி எழுந்து போகும்வரை காத்திருந்து, பள்ளி ஆசிரியை என்றும் பத்திரிகை நடத்துகிறேன் என்றும் சொல்லி, நான் படங்களை மேசைமேல் வைத்தேன். அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு அவசரமாக ஒரு காலிப் படிவத்தை எடுத்து அவற்றின்மேல் மூடினாள்.

"நான் பாரம் எழுதறவ" என்றாள்.

"தெரியுதுக்கா. இதையும் நீங்கதானே அனுப்புனீங்க?"

கடைக்குள் இருந்த தன் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உங்க புக்கு ஒண்ணு ஜெராக்ஸ் எடுக்க வந்துச்சு. படிச்சேன். யாராவது ஒருத்தர் பாக்கட்டுமேன்னு அனுப்பிட்டேன். அவ்ளோதான்."

கான்வென்டில் பிரெஞ்சு படித்தவள். பத்து வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் படிவம் நிரப்பித் தருகிறாள். எழுதும்போது தப்பாகிப்போன படிவங்களை வீட்டுக்கு எடுத்துப் போய், அன்று பார்த்த முகங்களை நினைவிலிருந்து வரைவாள். நினைவிலிருந்து என்றதும் நண்பன் ஜெராக்ஸ் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"போட்டுக்கலாமாக்கா?" என்று கேட்டேன்.

அவள் மூடியிருந்த படிவத்தை விலக்கி முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அவங்க என்கிட்ட எழுதத்தான் வராங்க டீச்சர். என்னை வரைன்னு யாரும் சொல்லல. ஒம்போது பேரும் சரின்னா போடுங்க. ஒருத்தர் வேணாம்னாலும் அந்தப் படம் வேணாம். என் பேரும் வேணாம்."

அச்சகத்தில் அடுத்த வியாழக்கிழமைதான் மெஷின் காலி என்று சொல்லியிருந்தார்கள். கையில் ஆறு நாள். முகவரிகள் அவளுக்கு மனப்பாடம். பள்ளி விட்டதும் ஸ்கூட்டியில் நானும் நண்பனும் கிளம்பினோம். குடைக்காரர் படத்தை வாங்கிப் பார்த்து, "பொன்ழூர்" என்று அதற்கே வணக்கம் சொன்னார். இறந்துபோன சொல்தா ஒருவரின் மனைவியான ஒரு மதாம் எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். "வருஷா வருஷம் நான் உயிரோட இருக்கேன்னு எழுதிக் குடுக்கறேன். இதைப் பாத்தப்பதான் எனக்கே நம்பிக்கை வருது" என்றார். நண்பன் அந்த வரியைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டான்.

ஒரு சொல்தா மட்டும் முறுக்கிக்கொண்டார். "நான் மெடல் வாங்கினவன். சட்டையில ஒண்ணுகூட காணோமே" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் இதைப் போய்ச் சொன்னபோது அவள் முதல்முறையாகச் சிரித்தாள். மறுநாள் அவரையே மேசைக்கு எதிரே நிற்க வைத்து, மெடல்களோடு புதிதாக ஒன்று வரைந்தாள். அவர் மூச்சுவிடாமல் நின்றதில் அந்தப் படம் கொஞ்சம் விறைப்பாகத்தான் வந்தது. அதுவும் அழகாக இருந்தது.

ஒன்பதாவது, செருப்பின்மேல் நின்ற அம்மா. உழவர்கரையில் அவர் வீட்டுக்குப் போனபோது மாலை போட்ட போட்டோ கூடத்தில் மாட்டியிருந்தது. இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டேன். மகள் கேட்டதும் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. அவர் படத்தில் முகத்தைக்கூட முதலில் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"தரை சுடுதுன்னு செருப்பைக் கழட்டி அதுமேலயே நின்னுக்கும் எங்கம்மா. போட்டா நிறைய வச்சிருக்கோம். ஒண்ணுலயும் இது இல்ல" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெருசா போடுங்க" என்றார்.

வியாழக்கிழமை நான் அரை நாள் விடுப்பு எடுத்தேன். ஒரு வண்ணம் கூடுதலாகப் போடுவது என்று முடிவு செய்திருந்தோம், அவளுடைய ஊதா. மெஷின்காரர் ரோஸையும் நீலத்தையும் ஒரு தகரத்தட்டில் போட்டுக் கரண்டியால் குழைத்தார். நண்பன் "இன்னும் கொஞ்சம் நீலம்ண்ணே, கொஞ்சூண்டு" என்று அவர் தோளுக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். படிவத்தின் பிரெஞ்சு எழுத்துகள் மங்கலான சாம்பலில் முகங்களுக்குப் பின்னால் தெரியும்படி அவன் பக்கத்தை அமைத்திருந்தான். முதல் தாள் வந்து விழுந்தது. மெஷின்காரரே மெஷினை நிறுத்திவிட்டுத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். "எங்க தெரு ஆளு இவரு" என்று ஒரு முகத்தைத் தொட்டார். மை காயாததால் அவர் விரல் ஊதாவானது. எனக்கு அங்கேயே குதிக்கவேண்டும்போல் இருந்தது.

வெளியீட்டு விழா எதுவும் வைக்கவில்லை. கட்டுகளை அப்படியே அந்த வரிசைக்குக் கொண்டுபோனோம். பத்து நிமிடத்தில் வரிசை கலைந்துவிட்டது. மரத்தடியில் ஆளாளுக்குப் பக்கத்தைப் புரட்டினார்கள். ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள். கண்ணாடி கொண்டுவராதவர்கள் பக்கத்தில் இருந்தவரிடம் கடன் வாங்கினார்கள். மெடல்காரர் தன் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். படத்துக்குக் கீழே பெயர் இல்லை. 'பாரம் எழுதுபவர்' என்று மட்டும்தான் போட்டிருந்தோம். ஆனால் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் அந்த மேசையைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுதுவதுபோல் குனிந்தாள். அவள் அண்ணன் கடைக்குள்ளிருந்து வந்து, ஒரு பிரதியை வாங்கி, நின்றபடியே கடைசிவரை பார்த்தார். "இத்தனை நாளா என் கடையிலதான் உக்காந்திருக்கா" என்று என்னிடம் சொன்னார். குறைபோலவும் இருந்தது, பெருமைபோலவும் இருந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. வரிசையில் நிற்பவர்கள் தலைவாரி, பவுடர் போட்டு வர ஆரம்பித்தார்கள். படிவம் எழுதும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்கள்.

"இப்படி உக்காந்தா நான் எதைத்தான் வரையறது" என்று அவள் என்னிடம் அலுத்துக்கொண்டாள். "எல்லார் மூஞ்சியும் ஒரே மாதிரி ஆயிட்டுது டீச்சர்."

அடுத்த இதழுக்கு என்ன செய்வது என்று மூன்று பேரும் ஜெராக்ஸ் கடை வாசலிலேயே நின்று பேசினோம். யாரும் யாரையும் கவனிக்காத ஓர் இடம் வேண்டும் என்றாள். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் என்று சொன்னது நண்பன். அந்த ஞாயிறு காலை என் ஸ்கூட்டிக்குப் பின்னால் அவள் உட்கார்ந்து வந்தாள். படகுகள் அப்போதுதான் வந்திருந்தன. கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஏலம் கூறுகிறவர் மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் ஒரே கூடையைப் பிடித்து இழுத்தார்கள். எங்களை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் ஈரத் தரையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு ஐஸ் பெட்டியின்மேல் ஏறினாள். நினைவிலிருந்தும் இல்லாமல், யாரையும் நிற்க வைத்தும் இல்லாமல், முதல்முறையாகக் கண்ணெதிரே நடப்பதைப் பார்த்தே வரைய ஆரம்பித்தாள். நான் மைப்புட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன்.

"கொஞ்சம் மேல தூக்குங்க டீச்சர்" என்றாள், என்னைப் பார்க்காமலே.