சிவப்பு அம்பு

செருப்பைக் கழற்றுவதற்குள் புஷ்பவள்ளி அக்காவின் கை கைப்பைக்குள் போய்விடும். கல்யாண மண்டபமோ, பல் மருத்துவரின் அறையோ, எந்தத் தரையானாலும் அவருக்கு ஒன்றுதான். ஐம்பது காசு நாணயத்தை எடுத்து, குனிந்து, ஒரு டைலை இரண்டு தட்டுத் தட்டுவார். சத்தம் கெட்டியாக வந்தால் தலையை ஆட்டிக்கொள்வார். டொப்பென்று வந்தால் அந்த இடத்துக்காரர் காதில் விழும்படியே சொல்வார்: "உள்ள காத்து நிக்குதுலா. பாத்துக்கிட்டே இருங்க, ஒருநாள் எழும்பிக்கும்."

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தேழு ஆண்டுகளாகத் தரப் பரிசோதகர். பழுது கண்ட இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவதுதான் அங்கே வேலை. அந்தப் பழக்கம் அவரோடு பஸ் ஏறி, ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வரைக்கும் வந்துவிட்டது. கடையில் சொந்தமாக ஒரு சுருள் வாங்கி வைத்திருக்கிறார். சொட்டும் குழாய்க்கு ஓர் அம்பு, உரசும் கதவுக்கு ஓர் அம்பு. விடுமுறை நாளில் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, அம்பை உரித்து அடுப்படியில் இருக்கும் ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டுவார். சுவர் அலமாரி, துணி காயும் கம்பி, சாமி மேடை எல்லாம் அவர் கைவேலைதான். ஐஸ் பெட்டியின் பாதி சிவந்து கிடக்கும். முதல் மாணவனாக வந்த பிள்ளையின் மதிப்பெண் அட்டையைக் காட்டுவதுபோல் வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார்.

என் வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதல் முறை வந்தபோது ஒரு தம்ளர் தேநீர் ஆறுவதற்குள் மூன்று அம்பு ஒட்டிவிட்டார். "கோச்சிக்காத கோகிலா. கண்ணுக்குத் தெரியாத பழுதுதான் மோசம். அம்பு இருந்தா என்னைக்காச்சும் சரி பண்ணிடுவ." எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. மறுநாளே ஸ்குரூடிரைவரோடு வந்து மூன்றையும் அவரே சரிசெய்து கொடுத்துவிட்டதால், வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவருடைய அடுப்படித் தரை மட்டும் வெறும் சிமெண்டாகவே கிடந்தது. அவருடைய அண்ணன் திருநாவுக்கரசு சிம்பாங் அம்பாட்டில் வீடு கட்டித்தரும் குத்தகையாளர். "நான் வந்து போட்டுத் தரேன்" என்று சொல்லியே இரண்டு தீபாவளிகளைக் கடத்திவிட்டார். ஊருக்கெல்லாம் தரை போடுகிறவருக்குத் தங்கையின் அடுப்படிக்கு வர நேரமில்லை. நானே போட்டுக்கொள்கிறேன் என்று அக்கா சொன்னபோது போனிலேயே சிரித்தாராம். "அலமாரி மாட்டுறதும் டைல் போடுறதும் ஒண்ணாலா? மூணு மாசத்துல அப்பளம் மாதிரி எழும்பிக்கும். அப்புறம் என்னைத்தான் கூப்பிடுவ."

அந்தச் சிரிப்பு அக்காவைச் சுட்டுவிட்டது. எழும்பாத தரை ஒன்றைப் போட்டு, அதில் அண்ணனை நிற்க வைக்காமல் ஓய்வதில்லை என்று முடிவுகட்டினார்.

நான் அவருக்கு நேர் கீழ்த் தளத்தில் குடியிருப்பவள். தினமும் மாலை நான்கு மணிக்கு, அக்கா வேலை விட்டு வந்ததும், என் தலைக்கு மேல் தொம் தொம்மென்று ஆரம்பிக்கும். நான்காவது நாள் சண்டை போடுவதென்றே மேலே ஏறினேன். முழங்காலில் பழைய தலையணைகளைக் கட்டிக்கொண்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து, ஒற்றைக் கண்ணால் ஒரு டைலை அளந்துகொண்டிருந்தார். நிமிரவேயில்லை. "கோகிலாவா? நல்ல நேரத்துல வந்த. அந்த வாளிய ஒரு கிண்டு கிண்டிவிடு, இறுகிடும்." சண்டைக்குப் போனவள் சாந்து குழைத்துவிட்டு வந்தேன்.

ஒரு நாளைக்கு ஒரு வரிசை, அதற்கு மேல் ஆசைப்பட மாட்டார். கைபேசியில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். சாந்தைப் பரப்பி, டைலை வைத்து, நீர்மட்டக் கருவியின் குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை ரப்பர் சுத்தியலால் தட்டுவார். மறுநாள் நாணயத்தால் சோதிப்பார். தேறாததைப் பெயர்த்துவிட்டு மறுபடியும் போடுவார். ஐந்து வாரமும் கணவர் சுகுமாரன் வாசல் நடையில் நின்றபடியே சாப்பிட்டார். "என் வீட்டுக்குள்ள போக நான் பெர்மிட் வாங்கணும்போல" என்று முறையிடுவார். ஆனால் யார் வந்தாலும் முதல் ஆளாக அழைத்துப்போய்த் தரையைக் காட்டியவரும் அவர்தான்.

தரை போட்டு நான்கு மாதம் கழித்து தீபாவளி வந்தது. அடுத்த ஞாயிறு அக்கா வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு; தெரிந்தவர்கள் யாரும் வந்து சாப்பிட்டுப் போகலாம். எதிர்வீட்டு ஷாஹிராவிலிருந்து தொழிற்சாலைத் தோழிகள்வரை வீடு நிறைந்திருந்தது. திருநாவுக்கரசும் வந்தார். எடுத்த முறுக்கை வாயில் வைக்காமல் நேரே அடுப்படிக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து அவரும் ஓர் ஐம்பது காசை எடுத்தார். தட்டிப் பார்க்கும் வியாதி அந்தக் குடும்பத்துக்கே இருக்கும்போல. புதுவேட்டியோடு குத்துக்காலிட்டு, வரிசை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். தேநீர்த் தட்டோடு அக்கா அவர் பின்னாலேயே அடியெடுத்து வைத்தார்.

எல்லாம் கெட்டி. அண்ணன் எழுந்தார். "பரவால்லலா. ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அக்கா அதோடு விட்டிருக்கலாம். தட்டை வைத்துவிட்டு, "இன்னும் ஒண்ணு இருக்குண்ணே" என்று தோள் கொடுத்து ஐஸ் பெட்டியை நகர்த்தினார். அதன் அடியிலிருந்த டைலில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. அண்ணன் தட்டினார். டொப்.

"இத ஏம்மா காட்டுற? பொட்டியத் தள்ளி வெச்சா யாருக்குத் தெரியப்போவுது? எங்காளுங்க போட்டாலே பத்துக்கு ஒண்ணு இப்படித்தான் இருக்கும்."

"எனக்குத் தெரியுமேண்ணே. போன வாரம்தான் சத்தம் மாறுச்சு. ரிஜெக்டுன்னா ரிஜெக்டுதான். நாளைக்குப் பேத்து எடுத்துடுவேன்."

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். தன் குற்றத்தைத் தானே பார்க்கிறவருக்கு அது பொருந்தாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அண்ணன் கையில் இருந்த முறுக்கை அப்போதுதான் கடித்தார். மறுநாள் நான்கு மணிக்கு என் தலைக்கு மேல் உளிச் சத்தம் கேட்டது. மேல்வீட்டில் ஒரு பெரிய மனுஷி குடியிருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஐஸ் பெட்டிக் கதவில் இன்னோர் அம்பு ஏறியது.

போன மாதம் அண்ணன் போன் செய்தார். "புஷ்பா, ஒரு வீடு முடிச்சிருக்கேன். சாவி குடுக்குறதுக்கு முன்னாடி நீ வந்து ஒரு தட்டுத் தட்டிட்டுப் போ." அக்கா கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். துணைக்கு என்னையும் இழுத்துப் போனார்.

சிம்பாங் அம்பாட்டில் அந்தப் புதுவீட்டுக் கூடத்தில் டைல் போட்ட ஆட்கள் நான்கு பேர் சுவரோரம் நின்றார்கள். அக்கா செருப்பைக் கழற்றினார். கூடம் தேறியது. முதல் அறையும் தேறியது. இரண்டாவது அறையில், ஜன்னலோரம், சத்தம் மாறியது. இன்னொரு முறை தட்டினார். டொப். ஆட்கள் முதலாளியைப் பார்த்தார்கள்.

"ரிஜெக்டாம்மா?" என்று அண்ணன் தணிந்த குரலில் கேட்டார்.

அக்கா நிமிர்ந்தார். கைப்பையிலிருந்து சுருளை எடுத்து ஓர் அம்பை உரித்தார். தான் ஒட்டாமல், அதை விரல் நுனியில் வைத்து அண்ணனிடம் நீட்டினார்.