அழகுக்காக வைத்த எழுத்து

காந்திபுரத்தில் ஒரு மாடி அறையில் எங்கள் கண்காட்சி. ஆரம்பகால இன்டர்நெட்டின் சாயலில் கம்ப்யூட்டர் ஓவியங்கள்: கண்ணில் அடிக்கிற பிங்க் நிறம், ஆடும் நாய்க்குட்டி, மின்னும் எழுத்து. என் படத்தில் மின்னியது, கைவிடப்பட்ட ஒரு தமிழ் வலைப்பக்கத்திலிருந்து எடுத்த வரி. என் கம்ப்யூட்டரில் அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட் இல்லாததால் அது கொம்பும் புள்ளியும் முளைத்த ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. பிடித்துப்போய் டி-ஷர்ட்டிலும் அச்சடித்துப் போட்டிருந்தேன்.

பார்க்க வந்த ஓர் அம்மா கேட்டார்: "ஏனுங்க, இதுல என்னங்க எழுதியிருக்குது?"

"அர்த்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா அழகுக்குத்தானுங்க."

அவர் சிரித்தபடி அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

என் தோழி ஷாஹினாவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. பழைய ஃபான்ட் எழுத்தை இன்றைய தமிழாக மாற்றும் தளம் ஒன்றில் அந்த வரியைப் போட்டாள். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தவள் பாதியில் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, எங்கிருந்தாலும் ஊட்டுக்கு வந்துரு கண்ணு. அம்மா வாசலையே பாத்துட்டுக் கெடக்குது."

என் படம் ஓடிய திரையை அணைத்தேன். இத்தனை நாள் அதன் நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்த எனக்கு, படித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

வீடு திரும்பும்போது உக்கடம் பஸ்ஸில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். சட்டையில் இருந்ததை அங்கே யாராலும் படிக்க முடியாது. இப்போது என்னால் முடியும்.